வாய் திறக்காத இரண்டு வக்கீல்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'தொழில் தர்மம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். சிவில்காரன், பாலம் அணை என்று ஏதாவது பேசிவிட்டு இறங்கிவிடுவான் என்று செயலாளர் நினைத்திருப்பார். நான் பேசப்போவது ஒரு கொலை வழக்கைப் பற்றி. எனக்கு இதைச் சொன்னவர் என் மாமா. முப்பது வருஷமாகக் கிரிமினல் வக்கீல். கதை சொல்வதற்காகச் சொல்லவில்லை, என்னைத் திட்டுவதற்காகச் சொன்னார். ஏன் திட்டினார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் அடிரோண்டாக் என்ற பெரிய மலைக்காடு இருக்கிறது. 1973 ஜூலையில் அங்கே கூடாரமடித்துத் தங்கியிருந்த 18 வயது இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். செய்தவன் ராபர்ட் கேரோ. ஏறத்தாழ 12 நாள் காட்டைச் சல்லடையாய்ச் சலித்துப் போலீஸ் அவனைப் பிடித்தது. சிரக்யூஸ் நகரத்து வக்கீல் ஃப்ராங்க் அர்மானி ஏற்கெனவே அவனுக்கு ஆஜரானவர். இந்த வழக்கும் அவரிடமே வந்தது. கூடவே ஃப்ரான்சிஸ் பெல்ஜ் என்ற கிரிமினல் வக்கீலும் சேர்ந்துகொண்டார்.

அப்போது அந்தப் பக்கத்தில் இரண்டு பெண்களைக் காணவில்லை. ஒருத்தி கல்லூரி மாணவி, இன்னொருத்தி 16 வயதுப் பள்ளி மாணவி. கேரோ தன் வக்கீல்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். இரண்டு பேரையும் தானே கொன்றதாகவும், ஒரு உடல் மைன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்தின் காற்றுக்குழியில் கிடப்பதாகவும், மற்றது சிரக்யூஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பதாகவும் சொன்னான். வக்கீல்கள் இருவரும் தேடிப் போனார்கள். பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். திரும்பி வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

பெண்ணைத் தேடி அலைந்த ஒரு தகப்பனார் இந்த வக்கீல்களையே தேடி வந்து, "என் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். சபையிலே பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த மனிதரை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது.

1973 முடிவதற்குள் இரண்டு உடல்களும் மற்றவர்கள் கண்ணில் பட்டுவிட்டன. 1974 ஜூனில் விசாரணை. சித்த சுவாதீனம் இல்லாதவன் என்பதுதான் எதிர்வாதம். அதற்காகக் கேரோவே சாட்சிக் கூண்டில் ஏறி மற்றக் கொலைகளையும் ஒப்புக்கொண்டான். ரகசியம் அவன் வாயாலேயே உடைந்த பிறகுதான், எங்களுக்கு முன்பே தெரியும் என்று வக்கீல்கள் வெளியே சொன்னார்கள். ஊர் கொந்தளித்தது. மிரட்டல் வந்தது. அர்மானியின் ஆபீஸுக்குக் கட்சிக்காரர்கள் வருவது குறைந்தது. பெல்ஜ் பிற்பாடு வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்.

பெல்ஜ் மீது வழக்கே போட்டார்கள். இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்க வேண்டும், மருத்துவர் பார்க்காமல் நிகழ்ந்த மரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற சுகாதாரச் சட்டத்தின் கீழ். 1975ல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கட்சிக்காரன் வக்கீலிடம் நம்பிச் சொன்னதை வெளியிடச் சொல்வது, அவனையே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பதற்குச் சமம் என்பது சாரம். மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் அந்த நீதிமன்றம் ஒரு முணுமுணுப்போடுதான் ஒப்புக்கொண்டது: இந்தப் பாதுகாப்பு எல்லாவற்றையும் மூடிவிடும் போர்வையாக ஆகிவிடக்கூடாது, மனிதப் பண்பு என்றும் ஒன்று உண்டு என்று. 1978ல் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் ஒழுக்கநெறிக் குழு, அவர்கள் சொல்லாமல் இருந்தது சரியே என்று கருத்துத் தெரிவித்தது.

எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். காணாமல்போன பெண்கள் விஷயத்தில் உதவ முடியும் என்று அரசு வக்கீலிடம் கோடி காட்டி, பதிலுக்குக் கேரோவை ஜெயிலுக்குப் பதில் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப் பேரம் பேசிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. கட்சிக்காரனுக்காகப் பேரம் பேசுவது வக்கீல் வேலைதான். இருந்தாலும் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது.

இவர்களுக்காக எழுதியவர்களில் முக்கியமானவர் மன்ரோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர். அவரே அடி வாங்கியவர். குற்றவாளிக்காக வாதாடும் வக்கீலுக்கு வரும் மூன்று மிகக் கடினமான கேள்விகளைப் பற்றி 1966ல் வாஷிங்டனில் பேசினார். பொய் சொல்லப் போகிறான் என்று தெரிந்தும் கட்சிக்காரனைக் கூண்டில் ஏற்றலாமா என்பது அதில் ஒன்று. பேசியதற்கே, அவரை வக்கீல் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று சில நீதிபதிகள் புகார் கொடுத்தார்கள். பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியான வாரன் பர்கர் அவர்களில் ஒருவர். மாதக்கணக்கில் விசாரித்துப் புகாரைக் கைவிட்டார்கள். அதற்கப்புறம் 2015ல் இறக்கும்வரை ஃப்ரீட்மனுடைய வாழ்க்கையே வக்கீல் ஒழுக்கநெறிதான். அவர் வாதம் எளிமையானது. வக்கீல் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால்தான் வாதாட முடியும். வெளியே சொல்லிவிடுவார் என்று பயமிருந்தால் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். அப்புறம் நிரபராதிக்கும் நல்ல வக்கீல் கிடையாது.

இப்போது என் மாமா ஏன் திட்டினார் என்பதற்கு வருகிறேன்.

படிப்பு முடித்து இரண்டாவது வருஷம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் என்ஜினீயர். கான்கிரீட் 25 மெகாபாஸ்கல் வர வேண்டும். 28 நாள் கழித்துக் கியூபை உடைத்துப் பார்த்தால் ஒரு தொகுதி 17, 18ல் நின்றது. நம் லேபில் கியூப் உடைக்கும்போது இந்த எண் வந்திருந்தால் அட்டெண்டர் அண்ணனே சிரித்திருப்பார். மேலே இருந்தவரிடம் சொன்னேன். "இது கம்பெனி ரகசியம் தம்பி. வெளியே பேசக்கூடாது. ஆர்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கே இல்ல?" என்றார். நான்கு மாதம் பேசவில்லை. மேல்தளங்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

ஒரு தீபாவளிக்கு மாமா வீட்டில் இதைப் பெருமையாகவே சொன்னேன். "நீங்க கட்சிக்காரன் ரகசியத்தைக் காப்பாத்தறீங்க இல்ல மாமா, அதே மாதிரிதான் நானும்."

கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார். அப்போதுதான் அர்மானி கதை முழுவதும் வந்தது. முடித்துவிட்டுக் கேட்டார்: "மாப்ளே, அந்தப் பொண்ணுங்க ரெண்டும் செத்துப் போச்சு. அவன் வாயைத் திறந்தாலும் திரும்ப வராது. உன் கட்டடத்துல குடி வரப்போறவன் எல்லாம் உயிரோட இருக்கான்டா. அர்மானி வாயை மூடினதுல அவன் தொழில் போச்சு. நீ வாயை மூடினதுல உனக்கு என்ன போச்சு?"

மாதச் சம்பளம் சரியாக வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லவில்லை.

சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது என்று மாமா பிறகு விளக்கினார். நம் நாட்டில் முன்பு 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தில் 132ஆம் பிரிவு. கட்சிக்காரன் சொன்னதை வக்கீல் வெளியிடக்கூடாது. ஆனால் சட்டவிரோதக் காரியத்தைச் செய்து முடிப்பதற்காகச் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. நடந்து முடிந்தது வேறு, நடக்கப்போவது வேறு. மீறிய வக்கீலை விசாரிக்க 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கிறது. அங்கே பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம். என்னை விசாரிக்க எந்தக் குழுவும் வரவில்லை.

ஊர் திரும்பியதும் கட்டட உரிமையாளருக்குச் சோதனை முடிவுகளோடு கடிதம் எழுதினேன். கோர் எடுத்துப் பார்த்து, ஆறு தூண்களுக்கு ஜாக்கெட்டிங் செய்தார்கள். எனக்கு வேலை போயிற்று. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். நான்கு மாதம் முன்னால் எழுதியிருந்தால் மேல்தளங்களின் பாரம் ஏறுவதற்கு முன்பே செய்திருக்கலாம். பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

கேரோ கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. அவனுக்கு 25 வருஷம் முதல் ஆயுள்வரை தண்டனை. ஜெயிலில் கால் விளங்காதவன் போல் நடித்து, பாதுகாப்புக் குறைந்த இடத்துக்கு மாற்றல் வாங்கி, 1978 செப்டம்பரில் தப்பித்துவிட்டான். போலீஸ் அர்மானியிடம் வந்தது. இந்தத் தடவை அர்மானி பேசினார். அவன் தூரமாக ஓட மாட்டான், பக்கத்திலேயே புதரில் அசையாமல் படுத்துத் தேடுகிறவர்கள் போகட்டும் என்று காத்திருப்பான் என்றார். மூன்றாம் நாள் ஜெயிலுக்கு அருகிலேயே புதருக்குள் இருந்தான். அங்கேயே சுட்டுக் கொன்றார்கள்.