பொய்யுரைக்கும் முள்



தரையில் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டால் அது தொல்லை. நீரில் ஓடும் படகுக்குத் தீர்ந்துவிட்டால் அது ஆபத்து. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். படகோ காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையிலெல்லாம் போகும். ஆகையால், மோட்டார் படகில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் செயலற்றுப் போவதைவிட, அது பொய்யுரைப்பதே கொடியது. செத்துக் கிடக்கும் முள்ளை எவரும் நம்பமாட்டார். ‘நிறைவு’ என்று காட்டும் முள்ளை எல்லோரும் நம்புவர்.

சிறு படகுகளின் மின்கம்பிகளோடு பழகியவன் என்ற முறையில் நான் கூற விரும்புவது ஒன்றே. முள் தவறினால் உடனே புதுக் கருவி வாங்க ஓடவேண்டா. குற்றம் பெரும்பாலும் கருவியில் இராது. உப்புக் காற்றில் துருவும் பாசமும் ஏறிய இணைப்புகளிலேதான் இருக்கும்.

இதன் அமைப்பு எளியது. தொட்டிக்குள் ஒரு மிதவை பெட்ரோலோடு ஏறி இறங்குகிறது. அதனோடு சேர்ந்த கை ஒரு மின்தடையைக் கூட்டிக் குறைக்கிறது. அச்செய்தியை ஒரு கம்பி முகப்புப் பலகையிலுள்ள கருவிக்குக் கொண்டுவருகிறது. அமெரிக்க முறையில் தொட்டி வெறுமையாயின் 240 ஓம், நிறைந்திருப்பின் 33 ஓம். ஐரோப்பிய முறையிலோ வெறுமைக்கு 10, நிறைவுக்கு 180. எனவே கம்பி அறுந்தால் முன்னதில் முள் வெறுமையைக் காட்டும். பின்னதில் நிறைவைக் காட்டும்! உங்கள் படகு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்த பின்னரே ஆராயத் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னே ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். மூடிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் இருப்பின் எந்த விசையையும் தொடாமல் கசிவைத் தேடுங்கள். நாற்றம் இல்லையெனினும், காற்றோட்ட விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிடுங்கள். பின்வரும் சோதனைகளை முகப்புப் பலகையிலேயே செய்துவிடலாம். தொட்டியருகே கம்பிகளை உரசவேண்டியதில்லை.

முதலாவதாக, சாவியைத் திருப்பிக் கருவியின் மின்முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிடில் குற்றம் பியூஸிலோ சாவியிலோ கம்பியிலோ இருக்கிறது. இரண்டாவதாக, தொட்டியிலிருந்து வரும் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றுங்கள்; பல படகுகளில் இது இளஞ்சிவப்பாக இருக்கும். அமெரிக்க முறையில் முள் வெறுமைக்குச் செல்லவேண்டும். அம்முனையை எர்த் முனையோடு இணைத்தால் நிறைவுக்கு ஏறவேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் கருவி நல்லதே. ஐரோப்பிய முறையில் விடை இதற்கு நேர்மாறு.

மூன்றாவதாக, சாவியை அணைத்துவிட்டு, கழற்றிய கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் அளவை எடுங்கள். தொட்டியின் நிலைக்கு ஏற்ற எண் வந்தால், மிதவையும் கம்பியும் சரியே. எண்ணே வராவிடில் கம்பியோ எர்த் இணைப்போ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் எர்த் முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்குவதிலேயே நோய் தீர்ந்துவிடும். எண் பூஜ்யமாயின் கம்பி எங்கோ எர்த்தைத் தொடுகிறது. பெட்ரோல் குறைந்தும் எண் மாறாதிருப்பின் மிதவை சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம். மிதவையை மாற்றும்போது பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஓம் அளவு கருவியோடு பொருந்தும் மிதவையையே வாங்குங்கள்.

இத்தனையும் சரியான பின்னரும் முள் முழு உண்மை கூறாது. படகு விரையும்போது முன்புறம் உயர்ந்து பெட்ரோல் பின்னே சாய்கிறது. அடி குறுகிய தொட்டியில் பாதி உயரம் என்பது பாதி அளவன்று. எனவே படகு அசையாது நிற்கையில் அளவைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதையும் குறித்துவையுங்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, எஞ்சிய ஒரு பங்கு எதிர்பாராத காற்றுக்கு. இதனை மறவாதவர் முள்ளின் பொய்யால் கெடமாட்டார்.