அன்னை கிருஷ்ணம்மாள்

பாச்சலூர் அமைந்த கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில், பட்டிவீரன்பட்டியை அடுத்த அய்யன்கோட்டையில், 1926ஆம் ஆண்டு நிலமற்ற ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் அம்மையார். கூலி வேலை செய்து மக்களை வளர்த்த தாயின் துயரமே அவருக்கு முதற் பாடமாயிற்று.

காந்தியடிகளின் வழி நின்ற சங்கரலிங்கம் ஜெகந்நாதன், நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் என உறுதி பூண்டிருந்தவர். 1950இல் இருவரும் இல்லறம் ஏற்றனர். இல்லறமென்றாலும் ஓரிடத்தில் தங்கியிருந்த வாழ்வா அது! வினோபாவின் பூதான இயக்கத்திலேயே அவ்வாழ்வு நடந்தது. இரு குழந்தைகளுக்குத் தாயான பின்னரும் தொண்டு நிற்கவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையாயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அச்செய்தி அம்மையாரைத் தஞ்சைச் சீமைக்கு ஈர்த்தது. ஆறுதல் மொழிந்து திரும்பிவிடவில்லை. அங்கேயே தங்கிப் பணிபுரிந்தார். 1981இல் உழுபவனின் நில உரிமை இயக்கம் கண்டு, நிலக்கிழார்களிடம் பேசி, நிலத்தை விலைக்கு வாங்கி உழுவோர்க்கே உரிமையாக்கினார். அவ்வுரிமையைப் பெண்கள் பெயரிலேயே எழுதுவித்தது, தாய்மனம் அறிந்த ஏற்பாடன்றோ! பயன்பெற்ற குடும்பங்கள் ஏறத்தாழ 13,000.

வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதியே அவர் உள்ளம் பற்றிய ஒளி. வள்ளற் பெருமான் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு பசித்தோர்க்குச் சோறிட்டது. அம்மையார் அச்சோறு விளையும் நிலத்தையே அவர்கள் கையில் ஒப்புவித்தார். எண்பது அகவை கடந்த பின்னரும், மழையில் கரையும் மண்குடிசைகளுக்கு மாற்றாகக் கல்வீடு எழுப்பித்தர ஊர் ஊராய் அலைந்தார்.