கலைச்சொற்களுக்கு ஏற்ற தரவுத்தளம் எது?



மொழியியல் படித்தவனுக்குத் தரவுத்தளத்தில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி எண்ணி ஒதுங்கியிருந்தவன்தான். பணி ஓய்வுக்குப் பின், பள்ளிக் கலைச்சொற்களைத் தொகுக்கும் குழு ஒன்றில் சேர்ந்தேன். சொற்களை மேகக் கணிமைச் சேவையில் வைப்பதென முடிவாயிற்று. தொடர்புசார் தரவுத்தளமா, தொடர்புசாராத் தரவுத்தளமா என்று வல்லுநர் கேட்டார். பின்னது புதியது, விரைவானது என்று கேள்விப்பட்டிருந்த நாங்கள் அதற்கே தலையசைத்தோம்.

ஒவ்வொரு பாடமும் ஓர் ஆவணமாகி, தனக்குரிய சொற்களையும் விளக்கங்களையும் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. ஓராண்டு கழித்து ஒரு சொல்லைத் திருத்தினோம். அது முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் படியெடுக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் மாறியது, சிலவற்றில் பழையதே நின்றது. திருத்திய சொல்லைப் பயிற்சித்தாளில் எழுதிய மாணவி ஒருத்திக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அவள் எழுதியதே சரி. குறை வல்லுநரிடம் இல்லை. எங்கள் சொற்களை எப்படியெல்லாம் தேடுவோம், எத்தனை முறை திருத்துவோம் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை.

தொடர்புசார் முறையின் அடிப்படையை எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை வகுத்தது. அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவதால் இப்பெயர் வந்தது என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. கணிதத்தில் வழங்கும் பொருளில், ஓர் அட்டவணையே ஒரு ‘தொடர்பு’. தமிழாக்கம் இந்த மயக்கத்தை மேலும் வளர்த்துவிட்டது. எங்களைப் போன்றோர் செய்த வினைதான். இம்முறையில் சொல் ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படும். பாடங்கள் அதன் எண்ணை மட்டும் வைத்திருக்கும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பாடங்களிலும் புதிய சொல்லே தெரியும். அமேசானின் ஆர்டிஎஸ் சேவை 2009 முதல் இவ்வகைத் தளங்களை வாடகைக்குத் தருகிறது.

மற்றொரு வகை வேறு தேவையில் பிறந்தது. இணைய அங்காடியில் எத்தனை பேர் குவிந்தாலும், பொருளைக் கூடையில் இடுவது தடைப்படக் கூடாது. அதற்கென அமேசான் உருவாக்கிய டைனமோ என்னும் அமைப்பு 2007இல் கட்டுரையாக வெளிவந்தது. அதன் கருத்துகளைத் தழுவிய டைனமோடிபி 2012இல் பொதுச் சேவையாயிற்று. பல கணினிகளில் தரவைப் பரப்பி, திறவுச்சொல்லைக் கொடுத்த நொடியில் எடுத்துத் தருவது அதன் வலிமை.

நம் மொழிக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. டைனமோடிபி எழுத்துச் சரங்களை அவற்றின் குறியெண்படியே வரிசைப்படுத்தும். யூனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்து, ரகரத்திற்கு முன்பே நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். ஆகவே அகராதியில் முதலில் வரவேண்டிய ‘மரம்’ பின்தள்ளப்பட்டு ‘மனம்’ முந்திக்கொள்ளும். அகராதியைப் புரட்டப் பழகும் பிள்ளைக்கு இது சிறு பிழையன்று. தொடர்புசார் வகையிலுள்ள போஸ்ட்கிரெஸ், தமிழ் அகரவரிசை விதியை 10ஆம் பதிப்பு முதல் ஏற்கிறது. அதேவேளை தொடர்புசாரா வகையைச் சேர்ந்த மாங்கோடிபியும் 3.4 பதிப்பு முதல் ஏற்கிறது. எனவே வகையைக் கேட்டதோடு நிறுத்தாமல், குறிப்பிட்ட சேவையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ‘மரம்’, ‘மனம்’ இரண்டையும் இட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எங்கள் குழு சொற்களையெல்லாம் தொடர்புசார் தளத்திற்கு மாற்றியது. படிகளை ஒப்புநோக்கவே இரண்டு பள்ளி விடுமுறைகள் கழிந்தன. மாணவர்களின் பயிற்சிப் பதிவுகளை மட்டும் பழைய இடத்திலேயே விட்டோம். ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு வடிவில் வருகிறது. ஒருமுறை எழுதியபின் யாரும் திருத்துவதில்லை. அவற்றுக்கு அதுவே பொருத்தம்.

தம் வகுப்புக்காக முந்நூறு சொற்களைத் தொகுக்கும் ஆசிரியர் எதைத் தேர்வது என்று பேச்சுக்கு முன் ஒருவர் கேட்டார். இரண்டும் வேண்டாம், ஐயா. ஒரு விரிதாள் போதும்.