கூடி வாசித்த குறுநாவல்கள்



இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம் குறுநாவல். குறுநாவல் என்றால் என்ன, அதற்கும் சிறுகதைக்கும் உள்ள வேறுபாடு யாது, எத்தனை பக்கத்துக்குள் முடியவேண்டும் என்பன போன்ற வினாக்களை நான் எழுப்பப்போவதில்லை. அவற்றைப் பரீட்சைக்கு விட்டுவிடுவோம். வகுப்பறையில் நாள்தோறும் அதைத்தான் செய்கிறேன். இந்தச் சில நிமிடங்களாவது எனக்கும் அதிலிருந்து விடுதலை வேண்டும். ஒரு சிறிய நாவலை எட்டுப் பேர் வாசித்துவிட்டு ஒரு முற்றத்தில் கூடிப் பேசும்போது என்ன நடக்கிறது என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர். வட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் எவரும் கிடையாது. இத்தனை வருடம் அது நீடிப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். 2014இல் தொடங்கினோம். ஐந்து பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர். மருதமுனையில் கைத்தறி வைத்திருப்பவர் ஒருவர், அரிசி ஆலையொன்றில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர், தபாலகத்தில் வேலை செய்பவர் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், சாய்ந்தமருதில் ஆழ்கடல் படகுக்குச் சொந்தக்காரர் ஒருவர், ஆசிரியர்கள் மூவர். அந்த மூவரில் ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவரை நாங்கள் எல்லோரும் 'ரீச்சர்' என்றே அழைப்போம், மற்ற இருவரும் ஆசிரியர்களாக இருந்தபோதிலும்.

புத்தகம் பெரும்பாலும் ஒரே பிரதிதான். ஒருவர் நான்கு நாள் வைத்திருக்கலாம். எட்டுப் பேருக்கு முப்பத்திரண்டு நாள். மாதம் ஒரு கூட்டம் என்ற ஒழுங்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் இவ்வாறு சுற்றுக்கு விட்டால், முடிவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்குக் கலியாணம் ஆகிவிடும். நூறு, நூற்றைம்பது பக்க நூல் என்றால் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வருபவரும் நான்கு இரவில் முடித்துவிடலாம். வாசிக்கவில்லை என்பதற்கு ஒருவருக்கும் சாட்டு இல்லை. ஆயினும் வாசிக்காமலே வந்து, வாசித்தவர்களை விட நீளமாகப் பேசும் நண்பர் ஒருவர் எங்களிடமும் உண்டு. அவரைத் திருத்தும் எண்ணத்தை 2016இலேயே கைவிட்டோம்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கல்முனைப் பிரதேசத்துக்கு இது புதிய விடயமல்ல. 1960களில் நீலாவணன் முன்னின்று நடத்திய கல்முனைத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக இருந்தார்கள். எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், சண்முகம் சிவலிங்கம் எல்லோரும் இந்தக் கடற்கரையின் சில மைல்களுக்குள் வளர்ந்தவர்கள். பின்னர் நுஃமான் ஒரு வெளியீட்டகம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'வாசகர் சங்கம்'. மஹாகவியின் 'கோடை' 1970இல் அதன் வெளியீடாகவே வந்தது. எழுத்தாளர் சங்கம் எங்கும் உண்டு. வாசகனின் பெயரில் ஒரு பதிப்பகம் எழுந்தது நமது ஊரில் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

அந்தத் தலைமுறையின் சகவாசம் எனக்கு வாய்க்கவில்லை. 1990இல் நான் பதினொரு வயதுப் பையன். அந்த ஆண்டில் இரு சமூகங்களுக்கும் இடையே என்ன நடந்தது என்பதைக் கிழக்கில் உள்ளவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒரே பிரதான வீதியில் ஊர்கள் கோத்துக் கிடக்கின்றன. ஒருவர் கடையில் மற்றவர் சாமான் வாங்குவார். ஆனால் ஒருவர் வீட்டு முற்றத்தில் மற்றவர் இரண்டு மணித்தியாலம் காரணமின்றி உட்கார்ந்திருப்பது என் வாலிப வயதில் நான் காணாத காட்சி. குறுநாவல் எங்களுக்கு அந்தக் காரணத்தைத் தந்தது.

வடிவத்தைப் பொறுத்தமட்டில் தமிழ் ஏழை அல்ல. ஜெயகாந்தனின் குறுநாவல்கள் ஒரு காலத்தில் இலங்கையில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தவை. 1982இல் தி. ஜானகிராமன் மறைந்த பின்னர் அவர் நினைவாகக் 'கணையாழி' நடத்திய குறுநாவல் போட்டி பல புதியவர்களைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் டானியல், செ. யோகநாதன் முதலியோர் இவ்வடிவத்தை விரும்பிக் கையாண்டார்கள். இவர்களுடைய நூல்கள் பலவும் எங்கள் சுற்றில் வந்து போயின. எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. இரண்டு கூட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பாலமனோகரனின் 'நிலக்கிளி' பற்றிய கூட்டம். 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த சிறிய நாவல். வன்னிக் காட்டோரம் தண்ணிமுறிப்பில் நடக்கும் கதை. வெளியுலகம் அறியாத பதஞ்சலி என்ற பெண், அவள் கணவன் கதிர்காமன், அங்கே படிப்பிக்க வரும் இளம் ஆசிரியன், புயல் அடித்த ஓர் இரவு. நேயர்களில் வாசிக்காதவர்கள் இருப்பீர்கள் என்பதால் மிச்சத்தை விட்டுவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் அன்று ஒரே வழக்குத்தான். பிழை யாருடையது? ஒருவர் ஆசிரியனைக் குற்றம் சாட்டினார். ஒருவர் பதஞ்சலியை. நான் ஆசிரியன் கட்சி பேசினேன்; தொழிற்பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரர் கதிர்காமனைக்கூட விடவில்லை. ஒரு மணித்தியாலம் இப்படிப் போயிற்று. ரீச்சர் ஒன்றும் பேசாமல் கச்சான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் 1978ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த வருடம் நவம்பர் 23இல் கிழக்கைத் தாக்கிய சூறாவளியின்போது அவருக்குப் பதினெட்டு வயது. அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. எதிர்ப்புறத்து முஸ்லிம் குடும்பமொன்றின் கல்வீட்டில் முப்பது பேர் வரையில் ஒரே அறைக்குள் இருந்தார்கள். விளக்கு நிற்கவில்லை. "விடியும் மட்டும் ஒரு கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். ஆம்பிளைட கையா பொம்பிளைட கையா எண்டும் தெரியாது. விடிஞ்சாப்பிறகு அது ஆரெண்டு நான் தேடவுமில்ல, அம்மா கேட்கவுமில்ல. நீங்க எல்லாரும் பகல்ல இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்றீங்க."

அதன் பிறகு வழக்கு நடக்கவில்லை. நான் அந்த நாவலைப் பல்கலைக்கழகக் காலத்தில் ஒரு தடவையும், பின்னர் இரண்டு தடவையும் வாசித்தவன். புயலை ஒரு குறியீடு என்று கட்டுரையில் எழுதிப் புள்ளியும் பெற்றவன். புயல் என்றால் முதலில் இருட்டு என்பது எனக்குப் படவேயில்லை. விமர்சன நூல்களில் இதைத் தேடினால் கிடைக்காது. சிறிய நாவல்காரன் எல்லாவற்றையும் எழுதி நிரப்புவதில்லை. இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவான். அந்த இடைவெளிக்குள் யார் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்பது அவரவர் பட்டதைப் பொறுத்தது. நான் கொண்டுவந்தது கட்டுரை.

இரண்டாவது கூட்டம், நடக்க வேண்டிய காலத்தில் நடக்கவில்லை.

2019இன் முற்பகுதியில் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' எம். எஸ். மொழிபெயர்ப்பில் எங்கள் சுற்றில் இருந்தது. 1952இல் வெளிவந்தது, நூற்றுச் சொச்சம் பக்கம். எண்பத்துநான்கு நாள் மீன் கிடைக்காத ஒரு கியூபாக் கிழவன், தன்னந்தனியே தூரக் கடலுக்குப் போய், தன் தோணியை விட நீளமான மீனைப் பிடித்து, சுறாக்களுக்கு அதைப் பறிகொடுத்து, எலும்போடு கரை திரும்பும் கதை. பிரதி ஏழாவது ஆளாகச் சாய்ந்தமருதுப் படகுக்காரரிடம் இருந்தது. அவரை நான் காக்கா என்பேன். எனக்கு மூத்தவர், ஆனாலும் என்னைச் சேர் என்றே கூப்பிடுவார். எட்டாவது ஆள் நான்.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதிலேயே வெடித்தது. பிறகு சோதனைச் சாவடிகள், ஊரடங்கு, வதந்தி. யூன் மாதத்தில் கல்முனைப் பிரதேச செயலக விவகாரம் வேறு கிளம்பிற்று. வீதியில் சந்தித்தால் தலையாட்டிவிட்டுப் போனோம். கூட்டம் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது. காக்காவுக்கு ஒரு தடவை தொலைபேசி எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. பாடசாலையில் வேலை கூட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசிக்காததற்குச் சாட்டு இல்லை என்றேனே, இதற்குத் தாராளமாக இருந்தது.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் அவருடைய இளைய மகன் சைக்கிளில் வந்து படலையைத் தட்டினான். பழைய கலண்டர் தாளில் சுற்றிய புத்தகம். "வாப்பா தரச் சொன்ன. அடுத்த ஆள் நீங்கதானாம்."

நான்கு நாள் என்ற ஒழுங்கை ஆறு மாதம் மீறிவிட்டேன் என்று அவர் ஒரு துண்டில் எழுதி மன்னிப்பும் கேட்டிருந்தார். யார் யாரிடம் கேட்பது!

அன்றிரவே வாசித்தேன். ஓரங்களில் பென்சிலால் சிறிய சிறிய சரி அடையாளங்கள் இருந்தன. எங்கள் பிரதிகளில் எல்லோரும் கோடிடுவோம். எவருடைய கோடு எது என்று எனக்குத் தெரியும். இது காக்காவுடையது. ஆனால் நான் அழகு என்று கருதிய எந்த இடத்திலும் அந்த அடையாளம் இல்லை. ஏழெட்டு இடங்கள். ஏன் என்று விளங்கவில்லை.

அடுத்த மாதம் ரீச்சர் வீட்டில் கூடினோம். எட்டுப் பேரும் வந்திருந்தார்கள், வாசிக்காத நண்பர் உட்பட. விடாமுயற்சி, தோல்வியிலும் தளராத மனிதன் என்று நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு தடவை மாணவர் மன்றத்தில் கைதட்டல் வாங்கிய கருத்து அது. முதலில் காக்கா பேசட்டும், அவர்தான் கடல் தெரிந்தவர் என்றார்கள்.

மீனைத் தோணிக்கு வெளியே கட்டியதைப் பற்றிக் கேட்டோம். அவ்வளவு பெரிய மீனுக்கு வேறு வழியில்லை என்றார். கிழவன் கடலைக் கோபிக்காமல், அதைப் பெண்ணாக எண்ணிப் பேசுகிறானே என்று தபாலக நண்பர் கேட்டார். 2004 டிசம்பர் 26 முதல் எங்கள் மாவட்டத்தில் கேட்கச் சங்கடமான கேள்வி அது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இந்த ஒரு மாவட்டத்திலேயே கடல் கொண்டுபோயிற்று. "கடல் அப்பிடித்தான்" என்றார் காக்கா. அவ்வளவுதான்.

அந்தச் சரி அடையாளங்கள் என்னவென்று நான் கேட்டேன்.

"அந்தப் பொடியன் இப்ப என்னோட இருந்திருந்தா எண்டு கெழவன் நினைக்கிற இடமெல்லாம் சேர். நாப்பது நாளைக்குப் பிறகு தாய் தகப்பன் பொடியன வேற தோணிக்கு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பிறகுதான் இந்தாள் தனியப் போறான். மீனும் சுறாவும் பிறகு வாறது. கத அதுதான்."

சுனாமியின்போது காக்காவின் மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் என் இரண்டு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வாசிக்காத நண்பர்தான் முதலில் வாய் திறந்தார். கடைசியில் அந்தப் பையன் திரும்பி வருகிறானா என்று கேட்டார். வருகிறான், கிழவனின் கைகளைப் பார்த்து அழுகிறான், இனிமேல் இருவரும் சேர்ந்தே கடலுக்குப் போவோம் என்கிறான் என்று ரீச்சர் சொன்னார். "அப்ப நான் வாசிக்கத்தான் வேணும்" என்று அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாளில் திருப்பியும் தந்தார். எங்கள் வட்டத்தின் சரித்திரத்தில் அது ஒரு பெரிய சம்பவம்.

இப்போது தெளிவத்தை ஜோசப்பின் 'குடைநிழல்' சுற்றில் இருக்கிறது. பிரதி மருதமுனையில், கைத்தறி நண்பரின் வீட்டில். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்.