நமது பக்கத்து நியாயஸ்தலங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உபந்நியாசம்)



சேலம், நாமக்கல் பக்கத்து நியாயஸ்தலங்களின் பூர்வ சரித்திரத்தையும் கட்டட அமைப்பையும் குறித்துப் பேசுமாறு பணிக்கப் பெற்றோம். நம்மவரில் கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் அரிது. ஆதலின் விஷயம் நமக்குப் புதிதன்று.

1792ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமாயின. காப்டன் ரீடு கலெக்டரானார். அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியிலிருந்து வேலை பார்த்தார். 1802இல் வந்த சட்டங்கள் வரி தண்டும் அதிகாரத்தையும் வழக்குத் தீர்க்கும் அதிகாரத்தையும் பிரித்து, ஜில்லாக் கோர்ட்டுகளை ஏற்படுத்தின. ஏற்பாடு நல்லதே. ஆனால் சிறு கடனுக்கும் வரப்புக்கும் குடியானவன் கட்டுச்சோற்றுடன் நெடுவழி நடக்க வேண்டியதாயிற்று.

இக்குறையை மன்றோ கண்டார். அவருடைய முயற்சியால் பிறந்த 1816ஆம் வருஷத்துச் சட்டங்கள், பத்து ரூபாய் வரையுள்ள வழக்கைக் கிராம முன்சீபும், இருநூறு ரூபாய் வரையுள்ளதை ஜில்லா முன்சீபும் தீர்க்கலாமென்றன. கிராமப் பஞ்சாயத்துக்கும் இடமளித்தன; அதை நாடினவர் சிலரே. கிராம முன்சீபு பதவியோ 1980 வரை நீடித்தது.

அதற்கு முன் நியாயம் பேசிய இடம் கோயில் மண்டபமும் சாவடித் திண்ணையும் அன்றோ? அங்கே வழக்குரைப்போரும் தீர்ப்போரும் ஒரே தளத்தில் அமர்ந்தனர்; வழக்கிலுள்ள வயலையும் யாவரும் அறிவர். எனினும் உண்மையை மறைத்தலாகாது. அத்திண்ணையில் ஏறலாகாதென்று வெயிலில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. நிறுத்தியவர்களில் நம் முன்னோரும் உண்டு. சாட்சிக்கூண்டோ சட்டப்படி யாவர்க்கும் ஒன்றே. பழமையைப் புகழ்வோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிக் கட்டடம். 1892இல் திறக்கப்பட்ட சென்னை ஹைகோர்ட்டுக்குக் குவிமாடங்களும், உச்சியில் கப்பல்களுக்கு விளக்குக் காட்டும் கோபுரமும் அமைந்தன. வெளியூர்க் கச்சேரிகளுக்கு அவ்வளவு கோலாகலம் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்குச் சட்டங்களுமே முதல். சட்டங்களின்மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாய் அடுக்கிச் சுண்ணாம்பு வார்த்து, மேலே ஜல்லிக்காரை இடித்துத் தளமிடுவது மெட்ராஸ் தளம். வெப்பம் இறங்காதிருக்க உயர்ந்த கூரை. சுவரில் வெயில் படாதிருக்க அகன்ற தாழ்வாரம். நீதிபதியின் தலைக்குமேல் தொங்கிய பங்காவின் கயிறு சுவர்த் துவாரம் வழியே வெளியே வரும். அங்கே ஒருவன் அமர்ந்து நாள் முழுதும் இழுப்பான். உள்ளே காற்று, இழுப்பவனுக்கு வியர்வை!

கீழ்க்கோர்ட்டின் சொல்லே முடிவன்று என்பதை நம் ஜில்லாவும் கண்டது. 1882ஆம் வருஷத்துச் சேலம் கலகத்தின் பேரில் குற்றஞ்சாட்டப்பட்ட சி. விஜயராகவாச்சாரியாருக்குக் கிடைத்த தண்டனையை ஹைகோர்ட்டார் தள்ளி அவரை விடுவித்தனர். பின்னர் 1920இல் நாகபுரிக் காங்கிரசில் தலைமை வகித்தவர் அவரே.

நிற்க. குடியானவனுக்குக் கோர்ட்டு என்பது உள்ளறையன்று, தாழ்வாரமும் புளியமரத்தடியுமே. எமது பாட்டனார் காலத்தில் கிணற்றில் நாலில் ஒரு பங்குக்காகவும், கவலை ஓட்டும் முறைக்காகவும் பங்காளிகள் இருவர் வழக்காடினர். வாய்தாவின்மேல் வாய்தா. டவாலிச் சேவகன் மும்முறை பெயர் கூவுவான், இருவரும் ஓடுவர், மறு தேதி பெற்றுத் திரும்புவர். வண்டி மாடுகள் விற்றன; அப்பால் கிணற்றடிக் காடும் அடமானமாயிற்று. ஒருநாள் இருவருக்கும் ஒரே மரத்தடி நிழல்தான் இருந்தது. ஒருவர் மற்றவருக்குச் சோற்றுமூட்டையை அவிழ்த்துக் கொடுத்தாராம். மறு வாய்தாவில் ராஜி மனு எழுதப்பட்டது. அதற்குள் கிணற்றின் விலையைக் காட்டிலும் செலவு மிகுந்திருந்தது.

அந்த ராஜியின் நகல் இன்றும் எம்மிடம் இருக்கிறது. ஓரங்களைக் கரையான் தின்றுவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய தீர்ப்பு நகல்களும் பாகபத்திரங்களும் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொணருங்கள். படியெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்.