பிறப்பும் குற்றமும்

ஒருவர் என்ன செய்தார் என்று ஆராய்வதே நீதியின் வேலை. எக்குலத்திற் பிறந்தார் என்று ஆராயத் தொடங்கினால் அது நீதியாகாது. இதனை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே நாம் காணலாம்.

1871-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். சில குலத்தாரை ஒட்டுமொத்தமாகவே குற்றவாளிகளென அறிவித்து, அவர்தம் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றினர். ஊர்விட்டு ஊர் செல்லவும் கட்டுப்பாடு விதித்தனர். 1911-இல் வந்த புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பரவியது. சுதந்திர இந்தியாவில், 1952 ஆகஸ்டு 31-இல் அச்சட்டம் நாடெங்கும் நீக்கப்பட்டது.

ஆயினும் போலீசும் சிறையும் நம் அரசியல் சட்டப்படி மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டவை. வழக்கமாகக் குற்றம் புரிவோரைப் பற்றிப் பல மாநிலங்கள் தனிச்சட்டம் செய்தன. குலத்தை விடுத்து, முன்பு பெற்ற தண்டனைகளை இவை அளவுகோலாகக் கொண்டன. கொள்கையளவில் இது முன்னேற்றமே. ஆனால், சில மாநிலங்களின் சிறை விதிகளிற் பழைய எண்ணம் ஒளிந்தே இருந்தது. சீர்மரபினரைப் பிறப்பு நோக்கி ஐயுறவும், சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் பங்கிடவும் அவ்விதிகள் இடந்தந்தன.

2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது; சிறைப் பதிவேடுகளிலுள்ள சாதிப் பத்தியையும் நீக்கப் பணித்தது.

தீர்ப்பு வந்ததும் நம் கடமை முடிந்துவிடாது. மாநில விதிகளை மக்கள் மன்றங்கள் வரி வரியாக ஆராய வேண்டும். சிறையின் கதவுக்குள்ளும் சமத்துவம் நுழைந்தாலன்றி, அரசியல் சட்டம் அளித்த உரிமை முழுமை பெற்றதென நாம் கொள்வதற்கில்லை.