வேலைக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

போன வருஷம் டெலிகிராமில் வந்த 'வீட்டு வேலை'யில் நான் ஏமாந்தேன். வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய். முதல் இரண்டு நாள் பணம் ஒழுங்காக வந்தது, அதுதான் தூண்டில். அப்புறம் அடுத்த 'டாஸ்க்'குக்கு 8,000 கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அதைத் திரும்ப எடுக்க இன்னும் 20,000 கேட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் கடத்தினேன் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. உடனே 1930-க்குப் போன் செய்திருந்தால் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதுகிறேன். டெபாசிட் எதுவும் கேட்கவில்லை. நேரில் கூப்பிட்டு, ஒரு கட்டு பில்லைக் கொடுத்து என்ட்ரி போடச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி மெசேஜ் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் பி பிளாக் வந்து என்னிடம் காட்டுங்கள்.